துணி மேலேயே டிசைன்: டிடிஜி பிரிண்டிங் – வாசகர் கேள்வி பதில்

டீசர்ட்டைப் பலகையில் மாட்டி, இங்க்ஜெட் ஹெட் மூலம் டிசைனை நேராகத் துணியிலேயே அடிப்பதுதான் டிடிஜி (டைரக்ட் டு கார்மென்ட்). ஸ்கிரீன் கிடையாது, ஃபிலிம் கிடையாது. ஒரே ஒரு பீஸ் வேண்டுமென்றாலும் அடித்துக் கொடுக்கலாம். இது பற்றி வந்த கேள்விகள் பெரும்பாலும் "மெஷின் சரியில்லையோ?" என்ற சந்தேகத்தில்தான் தொடங்குகின்றன. ஆனால் கோளாறு பல நேரங்களில் ஸ்ப்ரே மேஜையிலோ ஹீட் பிரஸ்ஸிலோ இருக்கிறது. அதனால் பதில்களும் அந்தப் பக்கமே அதிகம் சாய்கின்றன.

கேள்வி: கருப்பு டீசர்ட்டில் அடித்தால் வெள்ளை நிறம் சாம்பல் பூத்தது போல வருகிறது. ஒயிட் இங்க் அளவைக் கடைசி வரை ஏற்றிப் பார்த்தும் பலனில்லை. ஹெட் போய்விட்டதா?

முதலில் நாசில் செக் எடுங்கள், அதாவது ஹெட்டில் இங்க் வரும் துளைகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு. கோடுகள் எல்லாம் முழுமையாக வந்தால் ஹெட்டை விட்டுவிடுங்கள். உங்கள் பிரச்சினை ப்ரீட்ரீட்மென்ட், அதாவது அச்சடிக்கும் முன் துணியில் ஸ்ப்ரே செய்யும் திரவம்.

டிடிஜி இங்க் தண்ணீர் கலந்த பிக்மென்ட் இங்க். எதுவும் பூசாத கருப்புத் துணியில் விழுந்தால் நூலுக்குள் இறங்கிவிடும். எவ்வளவு ஊற்றினாலும் கீழேதான் போகும், மேலே நிற்காது. ப்ரீட்ரீட்மென்ட் திரவத்தில் கால்சியம் போன்ற உலோக உப்பும் பிசின் வகைப் பாலிமரும் இருக்கின்றன. இங்க் துளி அந்த உப்பைத் தொட்டதும் அதிலுள்ள பிக்மென்ட் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டு, துணியின் மேல்பரப்பிலேயே நின்றுவிடுகின்றன. இப்படித் திரண்டு நிற்கும் வெள்ளைப் படலத்தின் மேல்தான் மற்ற நிறங்கள் விழுகின்றன. உப்பு குறைந்தால் திரள்வது குறையும், வெள்ளை மங்கும்.

எவ்வளவு அடிப்பது? 14×16 அங்குலப் பரப்புக்குச் சாதாரண டீசர்ட் துணியில் 15 முதல் 25 கிராம் வரை என்பது வழக்கமான அளவு. நீங்கள் வாங்கும் திரவத்தின் கேனில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கண்ணால் பார்த்து "நனைந்துவிட்டது" என்று முடிவு செய்யாதீர்கள். கிராம் கணக்கு காட்டும் ஒரு தராசு வாங்கி வையுங்கள். காய்ந்த டீசர்ட்டை எடை போடுங்கள், ஸ்ப்ரே அடித்தவுடன் மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் நீங்கள் அடித்த அளவு.

சிறிய டிசைனுக்குக் கணக்கு இப்படி வரும். 14×16 என்றால் 224 சதுர அங்குலம். அதற்கு 20 கிராம் என்று வைத்தால் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 0.09 கிராம். டிசைன் 10×12 என்றால் சுற்றிலும் அரை அங்குலம் கூட்டி 11×13 பரப்புக்கு ஸ்ப்ரே அடிக்க வேண்டும். அது 143 சதுர அங்குலம். சுமார் 13 கிராம் போதும்.

அளவு சரியாக இருந்தும் மங்கினால், துணியின் பஞ்சைப் பாருங்கள். ஸ்ப்ரே ஈரமாக இருக்கும்போதே மென்மையான ரோலரையோ பிரஷ்ஷையோ ஒரே திசையில் ஓட்டி, எழும்பி நிற்கும் இழைகளைப் படிய வைக்க வேண்டும். பிறகு ஹீட் பிரஸ்ஸில் 165 டிகிரி செல்சியஸில் 30 முதல் 45 விநாடி. பிரஸ்ஸை எடுத்த எடுப்பிலேயே இறுக்கி மூடாதீர்கள். முதல் சில விநாடி மேல்தட்டைத் துணிக்குச் சற்று மேலே நிறுத்தி நீராவியை வெளியே விடுங்கள், அப்புறம் அழுத்துங்கள். இடையில் டெஃப்ளான் ஷீட் வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். பார்ச்மென்ட் பேப்பர் வைத்தால் ஈரம் போய்விடும். பிரஸ்ஸைத் தூக்கும்போது இன்னும் ஆவி வந்தால் துணி காயவில்லை என்று அர்த்தம். காயாத இடத்தில் விழும் வெள்ளை, திட்டுத் திட்டாகத்தான் தெரியும்.

இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியாக இங்க் அளவைத் தொடுங்கள். அநேகமாக முன்பைவிடக் குறைவான இங்க்கிலேயே பளிச்சென்று வரும்.

கேள்வி: அச்சு நன்றாக வருகிறது. ஆனால் அதைச் சுற்றி ஒரு சதுரக் கறை தெரிகிறது. வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ப்ரீட்ரீட்மென்ட் தேவைக்கு மேல் விழுந்திருக்கும், இல்லையென்றால் பிரஸ் சூடு அதிகமாக இருந்திருக்கும். கிராம் அளவைக் குறைத்துப் பாருங்கள். அடர் கலவையாக வாங்கி நீங்களே தண்ணீர் சேர்ப்பவராக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் சேருங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் திரவத்தைக் கெடுத்து, ஸ்ப்ரே முனையையும் அடைக்கும்.

சில சிவப்பு, நீல, பச்சைச் சாயங்கள் இந்த உப்பும் சூடும் சேர்ந்தால் நிறம் மாறிவிடும். இது துணிச் சாயத்தின் குணம். ஒரே கம்பெனி டீசர்ட்டிலேயே ஒரு நிறம் தாங்கும், அடுத்தது தாங்காது. புது நிறம் எடுக்கும்போதெல்லாம் டீசர்ட்டின் உள்பக்க ஓரத்தில் கொஞ்சம் அடித்துப் பிரஸ் செய்து பார்ப்பது நல்லது.

வந்துவிட்ட கறையை, சுத்தமான துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து ஒற்றியெடுத்து, லேசாகப் பிரஸ் செய்தால் பெரும்பாலும் மறையும். மிச்சம் இருப்பது முதல் துவைப்பில் போய்விடும். இதை டெலிவரி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நூல் கருகி மஞ்சளானது மட்டும் துவைத்தாலும் போகாது.

கேள்வி: வெள்ளை டீசர்ட்டுக்கும் ப்ரீட்ரீட்மென்ட் வேண்டுமா?

கட்டாயமில்லை. ஒயிட் இங்க் இல்லாமல் நான்கு நிறம் மட்டும் அடிப்பதால் நேராகவே அடிக்கலாம். ஆனால் வெளிர்நிறத் துணிக்கென்று வரும் ப்ரீட்ரீட்மென்ட்டை அடித்தால் நிறம் இன்னும் துடிப்பாக வரும், துவைத்தாலும் கூடுதல் காலம் நிற்கும். கருப்புக்கு அடிப்பதை வெள்ளைக்கு அடிக்காதீர்கள். மஞ்சள் தட்டும்.

கேள்வி: இரண்டு வாஷிலேயே டிசைன் போய்விடுகிறது. 165 டிகிரி வைத்துத்தான் கியூரிங் (அச்சிட்ட இங்க்கைச் சூட்டில் வேகவைத்துத் துணியில் பிடிக்கச் செய்வது) செய்கிறோம். இங்க் மட்டமானதா?

"போய்விடுகிறது" என்பதில் மூன்று விதம் உண்டு. துவைத்த பீஸை வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பாருங்கள்.

படலம் தோல் உரிவது போல் துண்டுதுண்டாகக் கிளம்பியிருந்தால் இங்க் துணியைப் பிடிக்கவில்லை. ப்ரீட்ரீட்மென்ட் அதிகமாகி, இங்க்குக்கும் நூலுக்கும் நடுவே தனி அடுக்காக நின்றிருக்கும். அல்லது ஒயிட் இங்க் அளவுக்கு மீறி அடித்து, அடிப்பகுதி வேகாமல் இருந்திருக்கும்.

படலம் அப்படியே இருந்து, அதன் ஊடே கருப்புப் பஞ்சு இழைகள் எழும்பி நின்றால் அது துணியின் குறை. மலிவான ஓப்பன் எண்ட் நூலில் இது அதிகம் வரும். கோம்டு ரிங்ஸ்பன் பருத்தி (சீவி, முறுக்கி நூற்ற நூல்), 160 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), நெருக்கமான பின்னல் என்று கேட்டு வாங்குங்கள். டிடிஜிக்கு மெஷினைவிட இந்தத் தேர்வு முக்கியம் என்பதே எங்கள் கருத்து.

மூன்றாவது, எல்லா நிறமும் ஒரே சீராக வெளுப்பது. இது கியூரிங் போதாமல் வருவது. பிரஸ்ஸின் டிஸ்ப்ளே 165 காட்டுகிறது, சரி. ஆனால் வேக வேண்டியது இங்க். பிரஸ் தட்டின் ஓரங்களில் சூடு குறைவாக இருப்பது சகஜம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து பாருங்கள். 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பிரஸ்ஸை நம்பிப் பெரிய டிசைனைக் கியூர் செய்ய வேண்டாம்.

நேரக் கணக்கு: நிறம் மட்டும் அடித்த வெள்ளை டீசர்ட்டுக்குப் பிரஸ்ஸில் ஒரு நிமிடத்தை ஒட்டி. ஒயிட் இங்க் அடித்த கருப்பு டீசர்ட்டுக்கு ஒன்றரை முதல் மூன்று நிமிடம். டனல் டிரையரில் சூடான காற்று ஓடுவதால் 160 டிகிரியில் சில நிமிடங்கள் பிடிக்கும். இங்க் கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், இங்க்கோடு வரும் தகவல் ஷீட்டில் போட்டிருப்பதைப் பாருங்கள். கியூரிங்குக்கு அழுத்தம் லேசாக இருந்தால் போதும். ஈர இங்க்கை இறுக்கி அழுத்தினால் பேப்பரில் ஒட்டி வந்துவிடும். ஹுடி போன்ற தடித்த துணி சூட்டை உறிஞ்சும், அதற்கு நேரத்தைக் கூட்டுங்கள். காலர், பொத்தான், தையல் மடிப்பு ஆகியவை தட்டைத் தூக்கிப் பிடித்தால் பக்கத்தில் உள்ள இடத்தில் தட்டு படவே படாது. துணிக்குள் ஃபோம் மெத்தை வைத்து டிசைன் பகுதியை மட்டும் மேலே உயர்த்துங்கள்.

கியூர் ஆனதா என்று பார்க்க, ஆறிய பிறகு அச்சின் மேல் ஈரமான வெள்ளைத் துணியால் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டக் கூடாது. அதன் பின் துணியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் இழுத்ததுமே படலம் வெடித்தால் கியூரிங் போதவில்லை. இந்தச் சோதனைகளில் தேறினாலும், புது இங்க்கோ புதுத் துணியோ என்றால் ஒரு பீஸை ஐந்து முறையாவது துவைத்துப் பார்க்காமல் ஆர்டர் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஞாயிறு ஒருநாள் மெஷினை நிறுத்தினாலே திங்கள் காலையில் ஒயிட் நாசில் பாதி அடைத்துக்கொள்கிறது. தினமும் நான்கைந்து முறை ஹெட் கிளீனிங் ஓட்டுகிறேன், இங்க்தான் தீர்கிறது.

ஒயிட் இங்க்கில் வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. இதன் அடர்த்தி தண்ணீரைப்போல் நான்கு மடங்கு. எனவே சும்மா இருந்தால் அடியில் படியும். கார்ட்ரிட்ஜில் மட்டுமல்ல, குழாயிலும் டேம்பரிலும்கூட (ஹெட்டுக்கு முன்னால் இங்க் தங்கும் சின்ன அறை) படியும். மற்ற நிறங்களில் இந்த அளவு தொல்லை இல்லை.

கார்ட்ரிட்ஜையோ பாட்டிலையோ தினமும் வேலை தொடங்கும் முன் குலுக்க வேண்டும். நுரை பொங்கும்படி அல்ல, மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டி. ஒயிட் இங்க்கைச் சுழற்சியில் வைக்கும் வசதி மெஷினில் இருந்தால், விடுமுறை நாளிலும் கரன்ட்டை அணைக்காதீர்கள். சுழற்சி ஓடட்டும்.

அடுத்து, அறையின் ஈரப்பதம். ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கி மெஷின் பக்கத்திலேயே வையுங்கள். 45 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஏசி ஓடும் அறையில் இது சட்டென்று 35க்கு இறங்கும். அப்போது நாசில் வாயிலேயே இங்க் காயும். ஒரு ஹியூமிடிஃபையர் வைத்தால் இந்தத் தொல்லை பாதி தீரும். ஃபேன் காற்றும் ஏசி காற்றும் நேராக மெஷின் மேல் படக் கூடாது.

மூன்றாவது கேப்பிங் ஸ்டேஷன். ஹெட் ஓய்வாக நிற்கும்போது அதன் அடியை மூடிக் காற்றுப் புகாமல் காப்பது இதுதான். இதன் ரப்பர் விளிம்பில் காய்ந்த இங்க் ஒரு பொடி அளவு இருந்தாலும் மூடல் சரியாக விழாது, இரவு முழுக்க ஹெட் காயும். தினமும் வேலை முடிந்ததும் பஞ்சு உதிராத ஃபோம் ஸ்வாபை மெஷின் கம்பெனியின் கிளீனிங் லிக்விடில் நனைத்து விளிம்பைச் சுற்றித் துடையுங்கள். ஹெட்டை வழித்துச் சுத்தம் செய்யும் வைப்பர் பிளேடையும் துடையுங்கள். ஹெட்டின் பக்கவாட்டுகளில் தொங்கும் பஞ்சையும் எடுங்கள். ஆனால் நாசில் தட்டை மட்டும் ஸ்வாபால் தேய்க்க வேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் ஹெட் மாற்ற வேண்டியதுதான்.

ஹெட் கிளீனிங் இரண்டு முறைக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். அது பம்பால் இங்க்கை உறிஞ்சும் வேலை. மூடல் சரியில்லாதபோது உறிஞ்சினால் இங்க்குக்குப் பதில் காற்று உள்ளே வரும், இருந்த நாசிலும் போகும். இரண்டு முறை ஓட்டியும் தேறவில்லையென்றால் கேப்பில் சில சொட்டு கிளீனிங் லிக்விட் விட்டு, ஹெட்டை அதன் மேல் நிறுத்தி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். காய்ந்தது ஊறிக் கரையும். பிறகு ஒரு முறை ஓட்டினால் போதும்.

ஒவ்வொரு செக்கிலும் வெவ்வேறு இடத்தில் நாசில் விடுபட்டால் அது காற்று அல்லது மூடல் பிரச்சினை. எப்போதும் அதே இடம் விடுபட்டால் அது அடைப்பு. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்து எழுதி வைத்தால் சர்வீஸ் ஆள் வரும்போது நேரம் மிச்சம்.

கேள்வி: அச்சில் குறுக்கே மெல்லிய கோடுகள் விழுகின்றன.

நாசில் செக்கில் விடுபட்டது இருந்தால் அதுதான் காரணம். செக் சரியாக இருந்தால் ஹெட் அலைன்மென்ட் ஓட்டுங்கள். அதன் பிறகும் கோடு இருந்தால் அதிவேக மோடில் அடிக்கிறீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் அனுப்பும் டிசைன் திரையில் அழகாக இருக்கிறது. அச்சில் ஓரமெல்லாம் வெள்ளை பிசிறு அடிக்கிறது, எழுத்து மங்கலாக வருகிறது.

இரண்டும் வேறு வேறு பிரச்சினை.

மங்கல் என்பது பிக்சல் பற்றாக்குறை. அச்சாகும் நிஜ அளவில் 300 டிபிஐ வேண்டும். 14×16 அங்குல டிசைனுக்கு 4200×4800 பிக்சல். வாட்ஸ்அப்பில் படமாக வந்த 800 பிக்சல் ஃபைலை 10 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 80 பிக்சல்தான் கிடைக்கும். போட்டோஷாப்பில் எண்ணை 300 என்று மாற்றுவதால் இல்லாத விவரம் வந்துவிடாது. ஒரிஜினல் ஃபைலை டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து மட்டும் என்றால் நீங்களே புதிதாக வரைந்துவிடுவது வேகம்.

வெள்ளைப் பிசிறுக்குக் காரணம் அரைகுறையாகத் தெரியும் பிக்சல்கள். நிழல், ஒளிவட்டம், மங்கி மறையும் ஓரம் போன்றவை பாதி ஒளி ஊடுருவும் பிக்சல்களால் ஆனவை. அங்கும் நிறம் இருப்பதாக எண்ணி ரிப் சாஃப்ட்வேர் (டிசைனை மெஷினுக்கான அச்சுக் கட்டளையாக மாற்றுவது) அடியில் வெள்ளை போடுகிறது. கருப்புத் துணியில் அது அப்பட்டமாகத் தெரியும். கண்டுபிடிக்க எளிய வழி: டிசைனுக்கு அடியில் பளீர் பச்சை நிறத்தில் ஒரு லேயர் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் தூசி, வெட்டும்போது விட்டுப்போன வெள்ளைக் கோடு எல்லாம் அப்படியே தெரியும். ஓரத்தைக் கூர்மையாக வெட்டுங்கள். நிழல் அவசியம் வேண்டுமென்றால் அதைப் புள்ளிகளாக, அதாவது ஹாஃப்டோனாக மாற்றுங்கள்.

ஓரம் சுத்தமாக இருந்தும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் ரிப்பில் சோக் அளவை ஒன்றிரண்டு பிக்சல் கூட்டுங்கள். வெள்ளை அடுக்கு அந்த அளவு உள்ளே சுருங்கும், மேல் நிறம் அதை மூடிவிடும். ஆனால் மெல்லிய எழுத்துகளில் சோக் அதிகமானால் வெள்ளையே விழாமல் எழுத்து காணாமல் போகும்.

கருப்பு டீசர்ட்டில் இன்னொன்றும் உண்டு. டிசைனில் உள்ள கருப்பை நீக்கிவிடுங்கள், துணியின் கருப்பே அந்த வேலையைச் செய்யும். இங்க் மிச்சம், தொட்டால் அச்சும் மென்மையாக இருக்கும், காற்றும் போகும். டிசைனில் இது ஒன்றே செய்தாலும் பலன் பெரிது.

கேள்வி: பாலியஸ்டர் ஜெர்சியில் அடிக்கலாமா?

நிறமுள்ள பாலியஸ்டரில் வேண்டாம். அதற்கு ஏற்றியிருப்பது டிஸ்பெர்ஸ் சாயம். கியூரிங் சூட்டில் அது ஆவியாகி மேலே உள்ள வெள்ளை அடுக்குக்குள் ஏறும். சிவப்பு ஜெர்சியில் வெள்ளை எண் ரோஸ் நிறமாவது இப்படித்தான். சில நேரம் அடித்த அன்று நன்றாக இருக்கும், இரண்டு மூன்று நாளில்தான் நிறம் ஏறும். அதற்குள் டெலிவரியும் ஆகியிருக்கும். பாலியஸ்டருக்கென்று குறைந்த சூட்டில் கியூர் ஆகும் இங்க்கும் தனி ப்ரீட்ரீட்மென்ட்டும் உண்டு. அவை இல்லாமல் இறங்காதீர்கள். வெள்ளைப் பாலியஸ்டர் என்றால் சப்ளிமேஷன்தான் (சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி இழைக்குள் ஏற்றுவது) சரியான வழி. பருத்தி 80, பாலியஸ்டர் 20 வரை உள்ள கலப்புத் துணியில் டிடிஜி பெரும்பாலும் சிக்கலில்லாமல் வரும். ஐம்பதுக்கு ஐம்பது என்றால் நிறம் சற்று மங்கும்.

கேள்வி: இப்போது எல்லோரும் டிடிஎஃப் என்கிறார்களே, டிடிஜி வாங்குவது நஷ்டமா?

டிடிஎஃப்பில் முதலில் ஃபிலிமில் அச்சிட்டு, பசைப் பொடி தூவி உருக்கி, பிறகு துணியில் பிரஸ் செய்து ஒட்டுகிறோம். பருத்தி, பாலியஸ்டர், நைலான் என்று எதிலும் ஒட்டும். ப்ரீட்ரீட்மென்ட் தேவையில்லை. சின்ன லோகோ, கை, காலர், தொப்பி, பை ஆகியவற்றுக்கு அதுவே வசதி. ஆனால் மார்பு முழுக்கப் பெரிய போட்டோ என்றால் பிளாஸ்டிக் தகடு ஒட்டியது போல் இருக்கும், வியர்வை வெளியேறாது. அந்த இடத்தில் பருத்தித் துணியில் டிடிஜி தரும் மென்மை டிடிஎஃப்பில் கிடைக்காது. இரண்டு நிற டிசைனில் நூற்றுக்கணக்கான பீஸ் என்றால் இரண்டும் வேண்டாம், ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குப் போங்கள். உங்களுக்கு வரும் ஆர்டர் எந்த வகை என்று பட்டியல் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ஆபீஸ் இங்க்ஜெட் பிரிண்டரைப் பிரித்து டிடிஜி மெஷினாக மாற்றலாமா?

பீசோ ஹெட் (சூடாக்காமல், மின்சாரத்தில் அசையும் படிகத்தால் துளியைத் தள்ளுவது) உள்ள பிரிண்டர்களை அப்படி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். இங்க்கைச் சூடாக்கித் துளியைத் தள்ளும் தெர்மல் ஹெட் இதற்கு உதவாது. துணி இங்க்கில் உள்ள பைண்டர் (பிக்மென்ட்டைத் துணியில் ஒட்டவைக்கும் பிசின்) அந்தச் சூட்டில் படிந்து அடைக்கும். மாற்றிய மெஷினில் பெரும்பாலும் ஒயிட் இங்க் சுழற்சி இருக்காது, ஹெட் உயரத்தைக் காக்கும் சென்சாரும் இருக்காது. கற்றுக்கொள்ள நல்லது. தினசரி ஆர்டருக்கு அதை நம்பாதீர்கள்.

கேள்வி: பாக்கெட், ஜிப் உள்ள ஹுடியில் அடிக்கும்போது ஹெட் துணியில் உரசுகிறது.

உடனே நிறுத்துங்கள், இந்த உரசல்தான் ஹெட்டைக் கொல்லும். துணிக்கும் ஹெட்டுக்கும் இடையே இருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. அடிக்கும் பரப்பில் மிக உயரமான புள்ளி எதுவோ, அதை வைத்து உயரத்தைச் செட் செய்ய வேண்டும். தையலும் ஜிப்பும் பலகைக்கு வெளியே தொங்கும்படி சிறிய பலகையைப் பயன்படுத்துங்கள். இடைவெளியை மட்டும் கூட்டினால் உரசாது, ஆனால் துளிகள் சிதறி எழுத்தைச் சுற்றிப் பனி படிந்தது போல் தெரியும். மாட்டும்போது துணியை இழுத்து இறுக்கவும் கூடாது. கழற்றியதும் சுருங்கி, வட்டம் முட்டை வடிவமாகிவிடும்.

கேள்வி: வாடிக்கையாளருக்குத் துவைக்கும் முறை என்று என்ன எழுதிக் கொடுப்பது?

அச்சிட்டு 24 மணி நேரம் கழித்து முதல் துவைப்பு. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், 30 டிகிரிக்கு மேல் போகாமல். பிளீச் வேண்டாம், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். நிழலில் உலர்த்த வேண்டும். அயர்ன் செய்வதானால் உள்பக்கமாக, அச்சின் மேல் நேராக அல்ல. கருப்பு டீசர்ட் என்றால், முதல் துவைப்பில் கொஞ்சம் வழவழப்பாகத் தண்ணீரில் இறங்குவது ப்ரீட்ரீட்மென்ட் மிச்சம்தான், சாயம் அல்ல என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.